புறப்படும் முன் கார் காட்டும் அறிகுறிகள்: எதற்கு ஓட்டலாம், எதற்கு ஓட்டக் கூடாது

குமரி மாவட்டத்தில் ஒரு கார் ஒரே நாளில் மூன்று விதமான பாடு படும். இரவு முழுக்கக் குளச்சலில் உப்புக்காற்றில் நிற்கும். காலையில் தக்கலை, மார்த்தாண்டம் நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்து போகும். சாயங்காலம் ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் நூறைத் தொடும். இதில் எந்தப் பாட்டுக்கு எந்த உறுப்பு முதலில் கைவிடும் என்பதை வண்டி முன்கூட்டியே காட்டிவிடும். அதைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும்.

கீழே உள்ளது அறிகுறியை வைத்துப் பார்க்கும் முறை. ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு தீர்ப்புதான்: போகலாம், ஒர்க்ஷாப் வரை மட்டும் மெதுவாகப் போகலாம், வண்டியை அசைக்கவே கூடாது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் வைத்துப் பாருங்கள். சாவியைத் திருப்புவதற்கு முன்பே பாதி வேலை முடிந்துவிடும்.

வண்டிக்கு அடியில் ஈரம்

முற்றம் செம்மண்ணாக இருந்தால் கசிவு தெரியாது. சந்தேகம் இருந்தால் இரவில் எஞ்சினுக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து, மேலே கல் வைத்துவிடுங்கள். காலையில் நிறமும் இடமும் தெளிவாகத் தெரியும்.

நிறமில்லாத, வழுக்காத, வாடையற்ற தண்ணீர் என்றால் ஏசி வடிநீர். போகலாம். பச்சை, இளஞ்சிவப்பு அல்லது நீல நிறத்தில், லேசாக இனித்த வாடையோடு வழுக்கினால் கூலன்ட். அளவைப் பார்த்துவிட்டு ஒர்க்ஷாப் வரை மட்டும். அது விஷம், நாயும் பூனையும் நக்காதபடி உடனே கழுவிவிடுங்கள். கறுப்பு அல்லது பழுப்பு என்றால் எஞ்சின் ஆயில். ஒன்றிரண்டு சொட்டு என்றால் ஆயில் அளவு சரியாக இருக்கும்வரை ஓட்டலாம், ஆனால் அந்த வாரமே காட்டிவிட வேண்டும்.

சக்கரத்தின் உள்பக்கத்தில், டயரின் பக்கச் சுவரை ஒட்டி வெளிர்மஞ்சளாக எண்ணெய் மாதிரி வழிந்திருந்தால் அது பிரேக் ஆயில். அசைக்காதீர்கள். பெட்ரோல் வாடை வந்தாலும் அப்படியே. சாவியைத் திருப்ப வேண்டாம், வண்டிக்குப் பக்கத்தில் வெளிச்சத்துக்குச் செல்போன் டார்ச் மட்டும் போதும், எந்த நெருப்பும் வேண்டாம்.

டயர்

காற்று அளவை எங்கே பார்ப்பது என்று பலர் கேட்பார்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். சின்னக் கார்களில் பெரும்பாலும் 30 முதல் 33 பி.எஸ்.ஐ.க்குள் போட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்கு அந்த ஸ்டிக்கர் சொல்வதுதான் கணக்கு. அதில் இரண்டு எண் இருந்தால் ஒன்று சாதாரணச் சுமைக்கு, மற்றது ஆளும் பொருளும் நிறைந்த சுமைக்கு. மண்டைக்காடு கொடைக்கு வீட்டோடு ஐந்து பேரும் பையுமாகப் போகும்போது இரண்டாவது எண்ணைத்தான் வைக்க வேண்டும். டயர் பக்கச் சுவரில் அச்சிட்டிருப்பது டயர் தாங்கும் உச்ச அளவு. அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது.

அளப்பது டயர் குளிர்ந்திருக்கும்போதுதான். வெயிலில் ஓடி வந்த டயரில் மூன்று நான்கு பி.எஸ்.ஐ. கூடத் தெரியும். அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாகத்தான் நிற்கும்.

மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. தானாகக் குறைவது இயல்பு. ஒரே ராத்திரியில் ஐந்து குறைந்தால் ஆணி, வால்வு, ரிம் ஓரம் மூன்றில் ஒன்று. சோப்புத் தண்ணீரைத் தடவிப் பாருங்கள். கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் ரிம் ஓரம் துருப்பிடித்து, டயர் உட்காரும் இடம் சொரசொரப்பாகி, அங்கே நுரை பொங்கி வரும். இதற்குப் பஞ்சர் ஒட்டிப் பயனில்லை. டயரைக் கழற்றி, ரிம்மைத் தேய்த்துச் சுத்தம் செய்து மாட்டச் சொல்லுங்கள்.

ட்யூப்லெஸ் டயரில் ஆணி குத்தி, காற்றும் நிற்கிறதா? வீட்டில் பிடுங்க வேண்டாம். அந்த ஆணிதான் துளையை அடைத்திருக்கிறது. காற்றைச் சரிபார்த்து, நாற்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாமல் பஞ்சர் கடை வரை போகலாம். ஆணி தரையில் படும் பகுதியில் இருந்தால் ஒட்டலாம். பக்கச் சுவரில் இருந்தால் எவர் ஒட்டித் தந்தாலும் அந்த டயரை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

பக்கச் சுவரில் கோலிக்குண்டு அளவுக்கு ஒரு வீக்கம் தெரிந்தால் அசைக்கக் கூடாது. பள்ளத்திலோ பாலத்து ஓரத்திலோ இடித்து உள்ளே இழைகள் அறுந்திருக்கின்றன. ரப்பர் மட்டும்தான் காற்றைத் தாங்குகிறது. ஸ்டெப்னியை மாட்டிவிட்டுத்தான் புறப்பட வேண்டும்.

தேய்மானத்தைப் பார்க்க, பள்ளங்களுக்குள் குறுக்கே ஓடும் சின்ன ரப்பர் மேடுகளைத் தேடுங்கள். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர். சட்டப்படி அதுதான் எல்லை. ஆனால் ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி கார்த்திகை மழை என்று இரண்டு பருவமும் வாங்கும் மாவட்டம் இது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த டயரை மழைக்காலத்துக்கு வைத்திருக்க வேண்டாம். பள்ளம் ஆழமில்லையென்றால் தண்ணீரை வெளியே தள்ள முடியாது, டயர் தண்ணீர் மேலே மிதக்கும், அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கேட்காது.

நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் போயிருக்கிறது. இந்த உள் ஓரத் தேய்மானம் நின்று பார்த்தால் தெரியவே தெரியாது. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு முன்டயரின் பின்பக்கம் குனிந்து பாருங்கள். கம்பி வெளியே தெரியும் டயர்களைப் பெரும்பாலும் இப்படித்தான் கண்டுபிடிக்கிறோம்.

அதிகம் ஓடாத வண்டியில் டயர் வயதையும் பாருங்கள். பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டிவிட்டால் பள்ளம் புதிதாகவே தெரிந்தாலும், ரப்பரில் மயிரிழை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் ஷெட்டில் மூடி வைத்துவிட்டுப் போன வண்டிகளுக்கு இது முக்கியம்.

ஸ்டெப்னிக்கும் சேர்த்துக் காற்றைப் பாருங்கள். அது நான்கு டயரை விடச் சின்னதாக இருந்தால் அதைப் போட்டு எண்பது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது.

பிரேக் மிதி

எஞ்சினை ஓட விடாமல் மிதியை நான்கைந்து முறை மிதியுங்கள். கல் மாதிரி இறுகும். அந்த இறுக்கத்திலேயே காலை அழுத்தி வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். மிதி லேசாக ஒரு விரற்கடை அளவு கீழே இறங்க வேண்டும். இறங்கினால், கால் அழுத்தத்தைக் கூட்டித் தரும் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காமல் அப்படியே இறுகி நின்றால் பூஸ்டரோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸோ பழுது. பிரேக் பிடிக்கும், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் காலால் அழுத்த வேண்டிவரும். ஓட்டாதீர்கள்.

இப்போது எஞ்சின் ஓடும்போதே மிதியை மிதமாக அழுத்தி அரை நிமிடம் பிடியுங்கள். மிதி நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், மிதியின் அழுத்தத்தைப் பிரேக் லைனுக்கு அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் போயிருக்கிறது, அல்லது எங்கோ வெளியே கசிகிறது. அசைக்கவே கூடாது. இந்தக் கோளாறு ஓடும்போது முதலில் தெரியாது. சிக்னலில் காலை வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் வண்டி தானாக முன்னே நகரும். பலர் அதைக் கால் தளர்ந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

மிதி பஞ்சு மாதிரி அமுங்கி, இரண்டாவது முறை மிதித்தால் மேலே வருகிறதா? லைனில் காற்று இருக்கிறது. அந்தக் காற்றை வெளியேற்றும் பிளீடிங் செய்யாமல் ஓட்ட வேண்டாம்.

பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். பேட் தேயத் தேய மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது இயல்புதான். மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு ஒரு வருடத்தில் வந்திருந்தால், ஆயிலை ஊற்றி நிரப்புவதற்கு முன் பேட் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள்; நிரப்பிவிட்டால் அந்த அறிகுறி மறைந்துபோகும். ஒரே வாரத்தில் இறங்கியிருந்தால் அது கசிவு. மூடியில் டாட் 3 அல்லது டாட் 4 என்று எழுதியிருப்பதையே ஊற்ற வேண்டும். வேறு எந்த ஆயிலும் ஒரு சொட்டு விழக் கூடாது, ரப்பர் சீல்கள் எல்லாம் ஊதிப் போய்விடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். அதனால்தான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றச் சொல்கிறோம். கடலோர ஈரக்காற்றில் இருப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

சத்தத்தை வைத்தும் சொல்லலாம். மழையிலோ கடற்கரையிலோ இரவு நின்ற வண்டியில், காலை முதல் இரண்டு மூன்று மிதிப்பில் ‘கரகர’ என்று உரசும். டிஸ்க்கில் மெல்லிய துரு படிந்திருக்கிறது, பேட் அதைத் துடைத்தெடுக்கும். ஒரு தெரு தாண்டும் முன் நின்றுவிட்டால் கவலையில்லை. ஒவ்வொரு மிதிப்பிலும் ‘கீச்’ என்று கேட்டால் பேட் முடியப்போகிறது. புதிய பேட் பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். இரும்பு இரும்போடு உரசும் சத்தம் என்றால் பேட் முழுக்க முடிந்து டிஸ்க்கையே அறுக்கிறது, வண்டியை அசைக்க வேண்டாம்.

பின்சக்கரம் நகர மறுத்து, திடீரென ‘டக்’ என்று விட்டால், ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தில் நின்றதில் ஷூ டிரம்மோடு ஒட்டியிருக்கிறது. பலமாக ஆக்சிலேட்டர் கொடுத்துப் பிய்க்காதீர்கள், லைனிங் உரிந்து வந்துவிடும். லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும். மணவாளக்குறிச்சி, முட்டம், ராஜாக்கமங்கலம் பக்கம் நாள்கணக்கில் நிறுத்துபவர்கள் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைப்பது நல்லது.

ஸ்டார்ட் ஆகவில்லை

‘டிக் டிக் டிக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டால் செல்ஃப் மோட்டார் பக்கம் பாருங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால் முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் அதுதான் காரணம். பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தால் ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் துடைத்து, வாசலின் தடவி இறுக்குங்கள். கழற்றும்போது முதலில் மைனஸ், மாட்டும்போது கடைசியில் மைனஸ்.

கையில் ஒரு மல்ட்டிமீட்டர் இருந்தால் குழப்பமே இல்லை. எஞ்சின் ஓடாமல் ஒரு ராத்திரி நின்ற பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போதும் 12 பக்கமே நின்றால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. வீட்டில் ஸ்டார்ட் ஆன வண்டி திருநெல்வேலி போகும் வழியில் நின்றுவிடும்.

ஜம்ப் போடும்போது: சிவப்பு ஒயரை இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில், கடைசி முனையை இறங்கிய வண்டியின் எஞ்சின் இரும்பில். அந்தக் கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வரும் வாயு பற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான் அதைத் தள்ளி வைப்பது.

டேஷ்போர்டு விளக்கு

சாவியை ஆன் செய்ததும் எல்லா எச்சரிக்கை விளக்கும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றாலும் கோளாறுதான். ஏர்பேக் விளக்கு, ஏபிஎஸ் விளக்கு இரண்டும் ஆன் செய்யும்போது எரிகிறதா என்று பழைய வண்டி வாங்குபவர்கள் கட்டாயம் பாருங்கள்.

சிவப்பில் ஆயில் குடுவை அணையாமல் நின்றால் உடனே எஞ்சினை அணையுங்கள். ஆயில் அழுத்தம் இல்லை. ஒரு நிமிடத்தில் பேரிங் போய்விடும். அளவு பார்க்க, எஞ்சின் அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, டிப்ஸ்டிக்கை ஒரு முறை துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். இரண்டு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். பால் விட்ட காப்பி நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, ஸ்டார்ட் செய்யக் கூடாது. மஞ்சள் எஞ்சின் விளக்கு மட்டும் விட்டுவிடாமல் எரிந்து, இழுவையில் மாற்றமும் இல்லையென்றால் ஒர்க்ஷாப் வரை போகலாம். அதுவே விட்டுவிட்டு மின்னினால் எஞ்சின் சரியாக எரிக்கவில்லை, ஓட்டாதீர்கள்.

கூலன்ட் குறைவு, சூடு ஏறுதல்

டப்பாவில் மட்டம் குளிர்ந்த நிலையில் இரு கோட்டுக்கு நடுவில் இருக்க வேண்டும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்ட நொடியில் கொதிநீர் முகத்தில் அடிக்கும். வெறும் தண்ணீர் ஊற்றி வருடக்கணக்கில் ஓட்டினால் உள்ளே துருவும் உப்பும் படிந்து சூடு ஏறும்; அவசரத்துக்கு ஊற்றலாம், பிறகு கூலன்ட் கலவையை மாற்றிவிட வேண்டும். மார்த்தாண்டத்தில் ஊர்ந்து போகும்போது சூடு ஏறி, வேகமாக ஓடும்போது இறங்கினால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லை. வேகத்தில் ஏறினால் கூலன்ட், பம்பு, அடைப்பு.

வாடையும் பானட்டுக்குள் இருப்பவையும்

குலசேகரம், திற்பரப்பு பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி நிற்கும் வண்டிகளில் பானட்டைத் திறப்பதற்கு முன் இரண்டு தட்டுத் தட்டுங்கள். பாம்போ பூனையோ இருந்தால் நகர்ந்துவிடும். எலி கடித்த அடையாளத்தை ஒயர்களில் தேடுங்கள்: உரிந்த பிளாஸ்டிக் துகள், கரிந்த வாடை, திடீரென வேலை செய்யாத ஒரு விளக்கு. கரிந்த ஒயர் வாடை வந்தால் ஓட்ட வேண்டாம், பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

ரப்பர் இலை உதிரும் தை மாசி மாதங்களில் வைப்பருக்குக் கீழே உள்ள தட்டில் சருகு அடைத்துக்கொள்ளும். அடுத்த மழையில் தண்ணீர் வடிய வழியில்லாமல் டேஷ்போர்டு அடியில் புகும், கால் வைக்கும் மேட் நனையும். கையால் அள்ளி எடுத்தாலே போதும்.

புகைவாடை காருக்குள் வந்தால் சைலன்சர் ஓட்டையாக இருக்கலாம். அதோடு வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போங்கள். எஞ்சின் ஓட ஏசி போட்டுக்கொண்டு அந்த வண்டிக்குள் யாரும் தூங்கக் கூடாது.

ஸ்டீயரிங் நடுக்கம்

எண்பது நூறில் மட்டும் நடுங்கினால் பேலன்சிங். முப்பது நாற்பதிலேயே ஆடி, ‘டொக் டொக்’ என்று கேட்டால், அதுவும் சமீபத்தில் டயர் கழற்றி மாட்டியிருந்தால், வீல் நட் தளர்ந்திருக்கிறது. அந்த இடத்திலேயே நிறுத்தி இறுக்குங்கள். ஒன்று விட்டு ஒன்று எதிரெதிராக, வண்டியோடு வந்த ஸ்பேனரால் கை பலத்தில் இறுக்கினால் போதும். மேலே ஏறி மிதித்தால் போல்ட் இழுத்துவிடும். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். முழுக்கத் திருப்பும்போது மட்டும் ‘கட கட’ என்றால் ஆக்சில் ஜாயின்ட், ஒர்க்ஷாப் வரை போகலாம்.

ஆரல்வாய்மொழி கணவாயில் ஆடிக் காற்று பக்கவாட்டில் தள்ளுவது இயல்பு. காற்று இல்லாத இடத்திலும் ஒரே பக்கம் இழுத்தால் காற்றளவு, அலைன்மென்ட், ஒட்டிக்கொண்ட பிரேக் என்ற வரிசையில் பாருங்கள். பத்து கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டுங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனலாக இருந்தால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது.

விளக்கும் வைப்பரும்

இரவில் வண்டியின் பின்பக்கம் சுவரைப் பார்த்து இருக்கும்படி நிறுத்திப் பிரேக்கை மிதித்தால் சுவரில் சிவப்பு விழும், ஆள் துணை வேண்டாம். ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது. கடலோரத்தில் கண்ணாடியில் படியும் உப்பை வைப்பரால் காயத் தேய்த்தால் கீறல் விழும், முதலில் தண்ணீர் விடுங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

குளம் மறுகால் பாய்ந்து வீட்டு முற்றம் வரை தண்ணீர் வந்த 2021 நவம்பர் மாதிரி நாட்களுக்கு இது. தண்ணீர் சக்கரத்தின் பாதிக்கு மேல் நின்றிருந்தால் ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியை ஆன் கூடச் செய்ய வேண்டாம். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால், அது அமுங்காது. ஒரே சுற்றில் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பேட்டரி மைனஸைக் கழற்றி, ரெக்கவரி வண்டியில் ஏற்றுங்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று மட்டும் நீங்கள் பார்க்கலாம். ஆழமில்லாத தண்ணீரைத் தாண்டி வந்திருந்தால், மெதுவாக ஓடிக்கொண்டே மிதியை லேசாக அழுத்தி அழுத்தி விடுங்கள், பிரேக் காய்ந்து பழையபடி பிடிக்கும்.

மலையிலிருந்து இறங்கிய மறுநாள்

கோதையாறு, பேச்சிப்பாறை பக்கம் போய் இறங்கும்போது, ஏறிய அதே கியரில் இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் கரிந்த வாடை வரும், மிதி ஆழமாகப் போகும். அப்படியானால் ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றக் கூடாது, வளைந்துவிடும். மறுநாள் காலை மேலே சொன்ன அரை நிமிடச் சோதனையை மறுபடி செய்யுங்கள். இறங்கும்போது மிதி பஞ்சு மாதிரி இருந்திருந்தால் ஆயில் கொதித்து உள்ளே ஆவி ஏறியிருக்கிறது. ஆறியதும் மிதி நன்றாகிவிட்டது போலத் தெரிந்தாலும் பிரேக் ஆயிலை முழுக்க மாற்றிவிட்டுத்தான் அடுத்த முறை அந்த மலைப் பக்கம் ஓட்ட வேண்டும்.